மெஷினை ஓட்டப்போகிறவரை ஏன் கேட்கவில்லை?

சனிக்கிழமை நம் ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. காய் உலர்த்தச் சங்கம் வாங்குகிற புது டிரையரைப் பற்றி, ஸ்டோரில் (காய் உலர்த்துகிற கட்டடம்) வேலை பார்க்கிற நம்ம ஸ்டோர் அண்ணன் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காய் வேர்க்கிற நேரத்துல கரண்டு போச்சுன்னா இது என்னங்க செய்யும்?" மேடையிலிருந்து வந்த பதில்: "அதெல்லாம் கம்பெனிக்காரங்க பாத்துக்குவாங்க, நீங்க உட்காருங்க." அவரும் உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் அது இன்னும் செரிக்கவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து புதிதாக ஒன்றைக் கொண்டுவருவதற்கு நான் எதிரி இல்லை. விறகு வெட்டி, புகையில் கண் எரிந்து, விடிய விடிய அடுப்புக்குக் காவல் இருக்கிற பிழைப்பு ஒழிய வேண்டும் என்று உங்களை விட எனக்குத்தான் ஆசை அதிகம். என் கேள்வி ஒன்றுதான். பணம் கட்டுவதற்கு முன்னால், அதை ஓட்டப்போகிறவரை ஏன் கூட்டிப் போய்க் காட்டவில்லை?

நிர்வாகிகள் கோயம்புத்தூர் கண்காட்சிக்குப் போனார்கள். அங்கே முருங்கை இலையைக் காயவைத்துக் காட்டினார்களாம். அழகாகத்தான் காய்ந்திருக்கும். இலை வேறு, ஏலக்காய் வேறு என்று அந்த இடத்தில் சொல்ல ஒரு ஆள் கூட இல்லை. ஏனென்றால் சொல்லத் தெரிந்தவர்கள் அன்றைக்கு மலையில் காய் உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அப்பா வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர் பார்த்தவர். ஏலக்காய் உலர்த்துவது என்றால் சூடு காட்டுவது மட்டும்தான் என்று கீழே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பறித்த பச்சைக்காயில் எண்பது சதவீதம் வரைக்கும் தண்ணீர்தான். அதைப் பத்து பன்னிரண்டு சதவீதத்துக்கு இறக்க வேண்டும், ஆனால் பச்சை நிறம் போகக் கூடாது. சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். முதல் சில மணி நேரம் காய் வேர்க்கும். அந்த ஈரக்காற்றைச் சரியான நேரத்தில் வெளியே விடவில்லை என்றால் நிறம் மங்கிவிடும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் காய் வாய் பிளந்துவிடும். அப்பா தட்டிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்குவார். உள்ளே அரி, அதாவது விதை, கலகலவென்று ஆடினால்தான் அடுத்த வேலை. சூடு ஆறுவதற்குள் கம்பி வலையில் தேய்த்துக் காம்பும் பூ ஒட்டும் உதிர்த்து எடுப்பார்கள். அந்த ஸ்டோருக்குள் போய்விட்டு வந்தால் சட்டையிலிருந்து வாசனை போக ரெண்டு துவைப்பு ஆகும். இந்த அறிவுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. ஆனால் ஏலத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் இதை வைத்துத்தான்.

இப்போது புது டிரையரில் போட்ட காயை நீங்களே பார்த்தீர்கள். வெளிறிப்போய், பாதி வாய் பிளந்து. மழைக்காலத்தில் மலையில் கரண்டு எத்தனை தடவை போகும் என்பது கண்காட்சி அரங்கில் தெரியாது. ஸ்டோர் அண்ணனுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டார்.

இனி வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். "புதுசு எது வந்தாலும் வேலைக்காரங்க பயப்படத்தான் செய்வாங்க" என்பீர்கள். பயப்படுகிறவர் கேள்வி கேட்க மாட்டார், ஒதுங்கிப் போவார். ஓட்டிப் பார்க்க நினைப்பவர்தான் கரண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்பார்.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்து விவசாயிகள் கலப்பின மக்காச்சோளத்துக்கு மாறிய கதையை ரயன், கிராஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1943-இல் எழுதினார்கள். புது விதை இருக்கிறது என்ற செய்தி பெரும்பாலும் விதை வியாபாரி மூலமாகத்தான் வந்தது. ஆனால் போட்டுப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது பக்கத்துத் தோட்டக்காரர். நம் சங்கம் வியாபாரி சொன்னதோடு நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டம் இருக்கவே இருக்கிறது. கம்பம் மெட்டு ஏறினால் கேரளா. நெடுங்கண்டம், கட்டப்பனைப் பக்கம் விறகை விட்டு வேறு முறைக்கு மாறிய ஸ்டோர்கள் எத்தனையோ இருக்கின்றன. மயிலாடும்பாறையில் மத்திய அரசின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. காலையில் ஜீப்பில் போனால் சாயங்காலம் வீடு திரும்பலாம். நம் ஆட்கள் தினமும் விடிகாலையில் அதே பாதையில்தானே வேலைக்குப் போகிறார்கள்?

"கேரளாக்காரங்ககிட்ட போய்க் கத்துக்கணுமா?" என்று ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். அண்ணே, உங்கள் தோட்டத்தில் நிற்பது என்ன செடி? நல்லாணி. கட்டப்பனையில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தன் தோட்டத்தில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த செடி அது. எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் பிறக்கவில்லை. இன்றைக்கு இடுக்கியில் பெரும்பாலும் அதுதான் நிற்கிறது. அது நமக்கு எப்படி வந்தது? மேலே வேலைக்குப் போனவர்கள் கண்ணால் பார்த்து, கீழே வந்து சொன்னார்கள். இந்த மலைச்சாமான் நம்முடையது என்று பெருமை பேசுகிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் குவாதமாலாவுக்கு ஏலக்காயைக் கொண்டு போனார். அவர்கள் நம்மை மிஞ்சி உலகத்துக்கே விற்கிறார்கள். நமக்கு மட்டும் மெட்டு ஏறிப் போய்ப் பார்க்க ரோசம்.

இன்னொன்று சொல்கிறேன். எங்கள் அப்பத்தாவுக்குத் தேனி அரவிந்தில்தான் கண் ஆபரேஷன் நடந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை ஏழைக்கு எட்டாது. 1992-இல் அரவிந்த்காரர்கள் மதுரையில் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி, அந்தத் தொழில்நுட்பத்தை வெளியிலிருந்து கற்றுக்கொண்டு இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்தில் ஒரு பங்குக்கு வந்தது. அவர்களும் வெளியிலிருந்து வாங்கியவர்கள்தான். ஆனால் தினமும் அந்த லென்ஸைக் கண்ணில் பொருத்துகிற டாக்டர்கள் அவர்கள் கூடவே இருந்தார்கள். எது சரி, எது சரியில்லை என்று சொல்லத் தெரிந்த ஆள் உள்ளே இருந்தால்தான் வெளியே இருக்கும் நல்லது கண்ணில் படும். கோஹன், லெவிந்தால் என்ற இரண்டு பேராசிரியர்கள் 1990-இல் பெரிய கம்பெனிகளை வைத்து இதையேதான் எழுதினார்கள். நம் சங்கத்தில் அந்த ஆள் இருந்தார். உட்காரச் சொல்லிவிட்டோம்.

"நல்ல எண்ணத்தில்தானே வாங்கினாங்க" என்பவர்களுக்கு: ஆமாம், நல்ல எண்ணம்தான். நான் யாரையும் கமிஷன் வாங்கினார் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மானியத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது என்பதும் உண்மை. அந்த அவசரம் எனக்குப் புரிகிறது.

"அவர் உறுப்பினரே இல்லை, கூலிக்கு இருக்கிறவர்" என்று இன்னொருவர். இதற்கு எனக்குக் கோபத்தை அடக்கிக்கொண்டு பதில் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, அதனால் நான் உறுப்பினர். அந்த ஒன்றரை ஏக்கர் அப்பா ஸ்டோரில் கண் விழித்த காசு. அவர் வேலை பார்த்த காலத்தில் முதலாளி புது அடுப்பு வைத்தபோதும் யாரும் கேட்கவில்லை. புகைக்கூண்டைத் தப்பான பக்கம் வைத்துவிட்டார்கள், புகை முழுக்க ஸ்டோருக்குள். அப்பா சொன்னார், கேட்கவில்லை. அப்புறம் அவருக்கு வந்த இருமல் கடைசி வரைக்கும் போகவில்லை. எனக்கு இது டிரையர் விஷயம் மட்டும் இல்லை. ஒரு மனிதன் ஆயுசு முழுக்கச் செய்த வேலையைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்க நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? கம்பெனியிலிருந்து வந்த தம்பிக்குச் சால்வை போட்டீர்கள், போடுங்கள். அவர் வயதை விட அதிக வருடம் காய் உலர்த்தியவருக்கு ஒரு நாற்காலி கூட முன்வரிசையில் போடவில்லையே.

டிரையருக்கு இன்னும் பாதிப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைக் கொடுப்பதற்கு முன், நம் ஸ்டோர் ஆட்கள் கையால், நம் மலைக் கரண்டில், நம் பச்சைக்காயைப் போட்டு முழுசாக ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அதுவரை ஸ்டோர் ஆட்கள் இரண்டு பேரைச் சங்கச் செலவில் நெடுங்கண்டம், மயிலாடும்பாறைப் பக்கம் அனுப்ப வேண்டும். இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ள உறுப்பினர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன்.