என் கழுத்தில் கிடக்கும் சுத்தியல் பற்றி

போன மாதம் ஒஸ்லோவில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே இருந்த அண்ணா ஒருவர் கொஞ்ச நேரம் என் கழுத்தையே பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தங்கச்சி, குறை நினைக்காதையும், இது அந்த நாசிக்காரர் போடுற சாமான் எல்லே?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் மொட்டைத் தலைக் கூட்டம் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் மாறி நடந்த தலைமுறை அவருடையது, அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பந்தியில் இருந்துகொண்டு இரண்டு நிமிடத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

இது ம்யோல்னிர், தோர் என்ற இடித் தெய்வத்தின் சுத்தியல். வைக்கிங் காலத்துப் புதைகுழிகளில் இந்த வடிவம் வெள்ளியிலும் இரும்பிலும் நிறையக் கிடைத்திருக்கிறது. நான் பன்னிரண்டு வருடமாக ஸ்கண்டினேவியாவின் பழைய தெய்வங்களைக் கும்பிட்டு வருகிறேன். வெளியில் இதை 'ஓசத்ரு' என்பார்கள், ஓசர் எனப்படும் தெய்வங்கள் மேல் வைத்த நம்பிக்கை என்று பொருள். அது 19ஆம் நூற்றாண்டில் உண்டாக்கிய சொல். எனக்குப் பிடித்த பெயர் 'ஃபோர்ன் செட்', அதாவது பழைய வழக்கம். வைக்கிங் காலத்து மக்கள் தாங்கள் செய்ததை மதம் என்று தனியாகப் பிரித்துச் சொல்லவில்லை, வழக்கம் என்றுதான் சொன்னார்கள், பிறகு கிறிஸ்தவம் வந்தபோது அது புதிய வழக்கம், இது பழைய வழக்கம் ஆனது.

இந்த 'வழக்கம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் மற்றவை விளங்கிவிடும். "எட்டுக்கால் குதிரையில் ஒற்றைக்கண் கிழவர் ஒருவர் போகிறார் என்று உண்மையாகவே நம்புகிறாயா?" என்று வேலையிடத்தில் எத்தனையோ முறை கேட்டுவிட்டார்கள். ஐஸ்லாந்து ஓசத்ரு சங்கத்தின் தலைமைப் பூசகர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன் 2015இல் இதற்கு வெளிப்படையாகவே பதில் சொன்னார்: அப்படி யாரும் நம்புவதாகத் தனக்குத் தோன்றவில்லை, இந்தக் கதைகளைக் கவிதை உருவகங்களாகவே பார்க்கிறோம் என்று. தெய்வங்களை உயிருள்ள ஆட்களாகவே உணர்கிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம்தான். இருந்தும் இரண்டு பக்கத்தாரும் ஒரே வட்டத்தில் நின்று ஒரே கொம்பிலிருந்து குடிக்கிறோம். என்ன நம்புகிறாய் என்று வாசலில் நிறுத்திக் கேட்பதற்கு ஆள் இல்லை. வந்தாயா, கொண்டு வந்தாயா, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறாயா, அதைத்தான் பார்ப்பார்கள்.

சரி, என்னதான் செய்கிறோம்? 'ப்ளூட்' என்று ஒன்று உண்டு. வெளியில், முடிந்தால் மரங்களுக்கு நடுவில், வட்டமாக நிற்போம். ஒருவர் வட்டத்தை நடத்துவார், ஆணோ பெண்ணோ யாராகவும் இருக்கலாம். அன்றைக்கு யாரை அழைக்கிறோமோ அவர்களை, மழைக்கும் விளைச்சலுக்கும் ஃப்ரேய், காவலுக்குத் தோர், இப்படிப் பெயர் சொல்லி அழைப்போம். கொம்பில் தேன்மதுவோ பியரோ ஊற்றி ஒவ்வொரு கையாக வரும், நான் பெரும்பாலும் அப்பிள் சாறுதான், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. கொஞ்சம் குடித்துவிட்டு மிச்சத்தை நிலத்தில் ஊற்ற வேண்டும். பிறகு சேர்ந்து சாப்பாடு. ஒரு கொடை இன்னொரு கொடையை எதிர்பார்க்கும் என்பது இந்த வழக்கத்தின் அடிப்படை. தெய்வத்தோடும் நிலத்தோடும் இறந்தவர்களோடும் கொடுக்கல் வாங்கல் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை, பாவமன்னிப்பு, இரட்சிப்பு என்ற பேச்சே இதில் கிடையாது.

ஆடு மாடு வெட்டுகிறீர்களா என்று கேட்பார்கள். எங்கள் வட்டத்தில் இல்லை, ஐஸ்லாந்துச் சங்கத்திலும் இல்லை. பழைய காலத்தில் வெட்டினார்கள், குதிரை இறைச்சியை அவித்து ஊரே உண்டது, ட்ரொண்ட்ஹைமுக்குப் பக்கத்தில் லாடேயில் நடந்த அப்படி ஒரு விருந்தை ஸ்னோரி என்ற ஐஸ்லாந்து எழுத்தாளர் 13ஆம் நூற்றாண்டில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். மனிதப் பலிக்கும் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அதை மறைக்கத் தேவையில்லை. முன்னோர் செய்தார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று எந்த வழக்கத்திலும் இல்லை.

பெரிய சடங்கை விட எனக்கு நெருக்கமானது வீட்டுக்குள் நடப்பது. நோர்வேயில் பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் 'நிஸ்ஸ' தெரியும், நத்தார் இரவில் தொழுவத்திலோ வாசலிலோ ஒரு கோப்பை கஞ்சி, மேலே ஒரு துண்டு வெண்ணெய் வைப்பார்கள், வைக்காவிட்டால் நிஸ்ஸ கோபித்துக்கொள்ளும். இன்று அது சிவப்புத் தொப்பிப் பொம்மையாகிவிட்டது. ஆனால் பழைய நாட்டார் நம்பிக்கையில் பண்ணையைக் காக்கிற அந்த ஆவி, அந்தக் காட்டை முதன்முதலில் வெட்டித் திருத்திக் குடியேறிய மனிதனுடையது. இது எனக்குத் தெரியவந்த அன்று நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவு மூலையில் ஆலமரத்தடியில் வைரவருக்கு மடை வைத்த அம்மம்மாவுக்கு இதை விளக்க வேண்டியே இருந்திருக்காது. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை, அப்படிச் சொல்வது இரண்டுக்கும் மரியாதை இல்லை. நான் இந்த நிலத்தில் முப்பது வருடமாகச் சாப்பிடுகிறேன், இந்த நிலத்துக்கும் ஏதாவது வைக்க வேண்டும் என்று தோன்றியது. நான் இதற்குள் வந்த கதை அவ்வளவுதான்.

படங்களால் வந்த குழப்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைக்கிங்குகள் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டதில்லை. 1876இல் பைரொய்த்தில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் கொடுத்த கொம்பு அப்படியே ஒட்டிக்கொண்டது. 1943இல் நோர்வேயில் யெர்முண்ட்பூவில் கிடைத்த அந்தக் காலத்துத் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. பழைய கதைகளில் தோருக்குச் செம்பட்டைத் தாடி. தந்திரக்கார லோகி அவருக்குத் தம்பி இல்லை, அவருடைய தகப்பன் ஓடினோடு, அதாவது அந்த ஒற்றைக்கண் கிழவரோடு, இரத்தம் கலந்து சகோதரன் ஆனவன். அப்புறம் வல்ஹல்லா, போரில் விழுந்தவர்களுக்கான ஓடினின் மண்டபம். செத்தவர் எல்லோரும் அங்கே போவதில்லை. போரில் விழுந்தவர்களில் பாதிப் பேர் ஃப்ரேயா என்ற பெண் தெய்வத்திடம் போகிறார்கள், நோயிலும் முதுமையிலும் போகிறவர்களுக்கு ஹெல் என்ற இடம், அது நரகம் இல்லை, சில ஊர்களில் பக்கத்து மலைக்குள் முன்னோர் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றே நம்பினார்கள். வாளும் இரத்தமும்தான் இந்த வழக்கம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இந்த மக்களில் பெரும்பாலானவர் கமக்காரர். ஒஸ்லோவில் தினமும் ட்ராம் நிற்கிற தோர்ஸ்ஹோவ் என்ற பெயரே தோரின் கோவில் என்றுதான் பொருள், நம் ஆட்கள் எத்தனை பேர் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள்!

எங்கள் ஆட்கள் விடும் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். ஆயிரம் வருடமாக அறுபடாமல் வந்த பரம்பரை என்று சிலர் பெருமை பேசுவார்கள், அது உண்மை இல்லை. கி.பி. 1000 அளவில் ஐஸ்லாந்தின் பேரவை கூடி நாடு முழுவதும் கிறிஸ்தவமாவது என்று முடிவெடுத்தது. அந்தத் தீர்ப்பைச் சொன்ன தோர்கெய்ர் பழைய தெய்வங்களைக் கும்பிட்டவர், ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு வந்துதான் சொன்னார். நம்மிடம் இருக்கும் கதைகள் அதற்கு இருநூறு வருடங்களுக்கு மேல் கழித்துக் கிறிஸ்தவர்கள் எழுதி வைத்தவை. ஸ்னோரியும் கிறிஸ்தவர்தான், பாடல்களைச் சேர்த்த முக்கியமான கையெழுத்துப் பிரதியும் 1270களில் எழுதப்பட்டது. கதைகள் நிறைய வந்து சேர்ந்தன, சடங்கு எப்படி நடந்தது, என்ன சொன்னார்கள் என்பது கொஞ்சம்தான் வந்தது. மிச்சத்தை அகழாய்வு, ஊர்ப்பெயர், நாட்டார் வழக்கு என்று பொறுக்கிச் சேர்த்துக் கட்டுகிறோம். கட்டுகிறோம் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. ஆனால் வைக்கிங் திசைகாட்டி என்று சொல்லிக் கையில் பச்சை குத்திக்கொள்கிற அந்த 'வெக்விசிர்' சின்னம் 1860இல் ஐஸ்லாந்தில் தொகுத்த ஒரு மந்திரக் கையேட்டில் இருப்பது. அழகான சின்னம்தான், குத்துங்கள், ஆனால் வைக்கிங் என்று சொல்லாதீர்கள்.

இன்றைய வழிபாட்டின் கதை அதைவிட எனக்குப் பெருமையானது. அந்தப் பாடல்கள் இருக்கும் கையெழுத்துப் பிரதி நூற்றாண்டுகளாக டென்மார்க்கில் இருந்து 1971இல் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தது, துறைமுகத்தில் கூட்டம் திரண்டது. அதற்கு ஒரு வருடம் கழித்து, 1972 ஏப்ரலில், அவர்கள் கணக்கில் கோடையின் முதல் நாள், ஸ்வைன்பியோர்ன் பைன்டைன்சன் என்ற செம்மறி வளர்க்கும் கவிஞரும் இன்னும் சிலரும் சேர்ந்து சங்கத்தைத் தொடங்கினார்கள். 1973இல் அரசு அங்கீகரித்தது. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் இன்று அதற்கு ஐயாயிரத்துக்கு மேல் உறுப்பினர். நோர்வேயில் 1996இல் முதல் பதிவு, டென்மார்க்கில் 2003இல் அங்கீகாரம்.

இப்போது அண்ணாவின் கேள்வி. அவர் கேட்டதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் வலிக்கிறது. ஹிம்லரின் எஸ்எஸ் படை கழுத்துப்பட்டியில் போட்ட இரட்டை மின்னல், ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்து வடிவம்தான், அதையும் பழைய கல்வெட்டிலிருந்து நேராக எடுக்கவில்லை, கைடோ ஃபொன் லிஸ்ட் என்ற ஆஸ்திரியர் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தானே உண்டாக்கிய வரிசையிலிருந்து வந்தது. நோர்வேயில் நாசிச் சார்பான குவிஸ்லிங்கின் கட்சி 1930களில் பொர்ரேயில் உள்ள பழைய அரச சமாதி மேடுகளுக்கு நடுவில் நின்று கூட்டம் நடத்தியது. 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் கொம்பும் தோலும் போட்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தவனின் வெற்று உடம்பில் பச்சை குத்திய இதே சுத்தியலை உலகமே பார்த்தது. அன்று இரவு எங்கள் ஆட்கள் பலர் தூங்கவில்லை.

இனவெறியர்கள் சொல்வது ஒன்றுதான்: இது இரத்தத்தில் வர வேண்டும், வட ஐரோப்பிய இரத்தம் இல்லாதவர்களுக்கு இந்தத் தெய்வங்கள் இல்லை. சில வருடங்களுக்கு முன் வேறொரு நாட்டில் நடந்த சந்திப்பில் ஒருவர் என்னிடம் மரியாதையான குரலிலேயே இதைக் கேட்டார். உன் முன்னோரின் தெய்வங்களிடம் போகலாமே என்று. கை நடுங்கியது. இன்று கேட்டால் அவருக்கு அவருடைய கதைகளையே திருப்பிச் சொல்வேன். ஓடினின் தாய் பெஸ்ட்லா, அரக்கர் குலம். தோரின் தாய் யோர்த், பூமி, அவளும் அரக்கி. ஃப்ரேயும் ஃப்ரேயாவும் அவர்கள் தகப்பன் நியோர்டும் வேறு குலத் தெய்வங்கள், போர் முடிந்து பணயமாக வந்து இங்கேயே தெய்வமானவர்கள். அந்த நியோர்டைக் கலியாணம் செய்த ஸ்காதி, அப்பனைக் கொன்றதற்குப் பழி கேட்டு ஆயுதத்தோடு வந்த அரக்கி, அவளுக்கும் இடம் கிடைத்தது. கலப்பில்லாத இரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லாத குடும்பம் அது.

மனிதர்களும் அப்படித்தான். வைக்கிங் காலத்து 442 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாப் பக்கத்திலிருந்தும் கலப்பு வந்திருப்பதைக் காட்டியது, ஸ்காட்லாந்தின் ஒர்க்னித் தீவில் வைக்கிங் முறையில் வாளோடு புதைக்கப்பட்டவர்களிடம் ஸ்கண்டினேவிய வழியே இல்லை. வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள், ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது. ஸ்வீடனில் ஹெல்யோ தீவில் 1950களில் தோண்டியபோது ஒரு சிறிய வெண்கலப் புத்தர் கிடைத்தார், இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வார்த்தது. எத்தனை கை மாறி அங்கே வந்திருப்பார்! அந்த ஊரில் அவரை யாரோ பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள்.

நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் இல்லை. 2016இல் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து, இரத்தம் பார்க்கிற அமைப்போடு எந்தத் தொடர்பும் இல்லை என்று ஓர் அறிக்கை வெளியிட்டன. அதன் பெயர் 127. தீமையைக் கண்டால் தீமை என்றே சொல், சும்மா விடாதே என்கிற பழைய பாடலின் 127ஆம் செய்யுள். ஐஸ்லாந்துச் சங்கம் ஒருபாலினத் திருமணங்களை நடத்தி வைக்கிறது, அதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த வெறுப்புக் கடிதங்களையும் வாங்கிக்கொண்டு தொடர்கிறது. அவர்களுக்குப் பயந்து நான் சுத்தியலைக் கழற்றினால் அவர்கள் சொன்னது சரியாகிவிடும். அதனால் கழற்றமாட்டேன்.

எங்கள் வட்டத்தில் 'சும்பெல்' என்று மூன்று சுற்றுக் குடிப்பது உண்டு. முதல் சுற்று தெய்வங்களுக்கு, இரண்டாவது இறந்தவர்களுக்கு, மூன்றாவது அவரவர் சொல்ல வேண்டியதற்கு. முதல் வருடம் இரண்டாம் சுற்றில் கொம்பு என் கைக்கு வந்தபோது நான் அம்மம்மாவின் பெயரைச் சொன்னேன். இருபது பேர் அந்தப் பெயரை நாக்குத் தடுமாறியபடி திருப்பிச் சொன்னார்கள். ழகரம் வராமல் ஒரு முதியவர் மறுபடியும் சொல்லிப் பார்த்தார், சரியாக வரும்வரை. ஊரில் அவருடைய திவசத்துக்குக்கூட நான் போனதில்லை.

ஒக்டோபர் 14, பழைய மரநாட்காட்டியில் குளிர்காலம் தொடங்கும் நாள். அதை ஒட்டிய சனிக்கிழமை எங்கள் குளிர்கால ப்ளூட், இறந்தவர்களை நினைக்கிற நாள். அந்த அண்ணாவையும் அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன், பார்க்க விரும்புகிற வேறு யாரும் எனக்கு எழுதுங்கள். எதையும் நம்பத் தேவையில்லை. ஒரு சட்டி சாப்பாடு கொண்டு வாருங்கள், மழை பெய்தாலும் வெளியில்தான், அதனால் நல்ல சப்பாத்து போட்டு வாருங்கள்.