ஆஸ்திரியாவின் பிரஸ்ஸிங்: முன்னால் ஓடுகிறவனை மட்டும் பார்க்காதீர்கள்

பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக்கின் ஆஸ்திரியா கால்பந்து அணி என்றாலே "செம ஸ்டாமினாப்பா, 90 நிமிஷமும் ஓடுறானுங்க" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஓட ஆள் எந்த நாட்டிலும் கிடைக்கும். பிரஸ்ஸிங் என்றால் பந்து வைத்திருப்பவனை நெருக்கிப் பறிப்பது; யார் முதலில் பாய்வது, அவன் விட்டுப்போன இடத்துக்கு யார் வருவது, இதில்தான் விஷயமே இருக்கிறது.

2024 யூரோவையே எடுத்துக்கொள்வோம். காகிதத்தில் 4-2-3-1 (டிஃபன்ஸிலிருந்து முன்னோக்கி வரிசைக்கு எத்தனை பேர் என்ற கணக்கு). எதிரணியின் நடு டிஃபண்டர், அதாவது சென்டர்பேக் காலுக்குப் பந்து போனதும் அது 4-2-2-2 ஆகிவிடும். தாக்கும் மிட்ஃபீல்டர் பவும்கார்ட்னர் மேலேறி ஸ்ட்ரைக்கர் பக்கத்தில் நிற்பார், ஓரத்தில் ஆடும் விங்கர்கள் இருவரும் உள்ளே நெருங்குவார்கள். ஓரம் காலியாகக் கிடக்கும். அது தெரிந்தே போடும் தூண்டில். எதிரணியின் ஓர டிஃபண்டரான ஃபுல்பேக்குக்குப் பாஸ் போனதும் ஸ்ட்ரைக்கர் வளைந்து ஓடி, பந்து திரும்பிப் போகும் வழியை மறைப்பார். விங்கர் ஃபுல்பேக் மேல் பாய்வார். எதிரணியின் நடு மிட்ஃபீல்டரை பவும்கார்ட்னர் ஒட்டிக்கொள்வார். மாட்டியவனுக்கு ஒரு பக்கம் டச்லைன், மற்ற பக்கமெல்லாம் ஆள்.

டிவியில் தெரிவது இதுவரைதான். என்னைக் கேட்டால் இதன் உயிர் பின்னால் நிற்கும் மிட்ஃபீல்டர்கள் லைமர், சைவால்ட் இருவரிடமும் இருக்கிறது. மாட்டிய ஃபுல்பேக் பெரும்பாலும் உள்பக்கமாக ஒரு குறுக்குப் பாஸை அவசரமாகத் தள்ளுவான். அவன் கால் தூக்கும்போதே லைமர் கிளம்பியிருப்பார். பந்தும் அவரும் ஒன்றாகப் போய்ச் சேர்வார்கள். அதே நொடியில் சைவால்ட் பத்து மீட்டர் நகர்ந்து லைமரின் இடத்தை அடைக்க வேண்டும். அவர் அரை நொடி வேடிக்கை பார்த்தாலும் போச்சு, ஒரே பாஸில் நான்கைந்து பேர் தாண்டப்பட்டுவிடுவார்கள்.

அடுத்த ஓட்டை டிஃபன்ஸில் விழும். கடைசி வரிசை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் வெறும் புல். டான்ஸோ மாதிரி திரும்பி ஓடக்கூடிய சென்டர்பேக்கும், பாக்ஸை விட்டு வெளியே வரத் தயங்காத கோல்கீப்பரும் இல்லாமல் இந்த ஆட்டமே கிடையாது. பயந்துபோய் அந்த வரிசை பத்து மீட்டர் இறங்கினால், முன்னால் நால்வர் துரத்த, பின்னால் நால்வர் ஒதுங்க, நடுவில் ஒரு மைதானமே திறந்துவிடும். பிரஸ்ஸிங் ஆடப் பார்க்கும் தேசிய அணிகள் பெரும்பாலும் இங்கேதான் கவிழ்கின்றன. பயிற்சிக்குக் கிடைப்பது சில நாட்கள். அந்த நம்பிக்கை அதற்குள் வராது.

ஆஸ்திரியாவுக்கு மட்டும் எப்படி வந்தது? 2012-இல் சால்ஸ்பர்க், லைப்ஸிக் இரண்டு ரெட் புல் கிளப்களுக்கும் விளையாட்டு இயக்குநராகப் போனவர் இதே ராங்னிக். பந்தை இழந்தால் எட்டு வினாடிக்குள் மீட்பு, மீட்டால் பத்து வினாடிக்குள் கோலை நோக்கி ஷாட். இந்தக் கணக்கு அங்கே பாலபாடம். லைமர், சைவால்ட், ஸாபிட்ஸர் மூவரும் இரண்டு கிளப்களிலும் ஆடியவர்கள். தேசிய முகாமில் புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை, ஞாபகப்படுத்தினால் போதும். முழங்கால் காயத்தால் டிஃபண்டர் அலபாவும் மிட்ஃபீல்டர் ஸாவர் ஷ்லாகரும் ஆடாதபோதும் இந்தக் கட்டமைப்பு கலையவில்லை. நெதர்லாந்துடன் லைமரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு கிரில்லிட்ஷோடு தொடங்கினார்கள். பந்தைத் திரும்பத் திரும்பப் பறிகொடுத்த நெதர்லாந்து மிட்ஃபீல்டர் ஃபீர்மனை 35-ஆவது நிமிடத்திலேயே அவர்களின் பயிற்சியாளர் கூமன் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. 3-2 வெற்றி, பிரான்ஸுக்கு மேலே குழுவில் முதலிடம்.

பிறகு நாக்-அவுட்டில் துருக்கி. முதல் நிமிடமே கார்னர், துருக்கி டிஃபண்டர் டெமிரால் கோல். அதோடு பாதி ஆட்டம் முடிந்தது என்பேன். முன்னிலை கிடைத்தவனுக்குப் பின்னாலிருந்து பாஸ் போட்டு ஆட வேண்டிய அவசியமே இல்லை. கூட்டமாக இறங்கி நின்று, வந்த பந்தை உதைத்துத் தள்ளினால் போதும். தூண்டிலைக் கடிக்க மீன் வரவில்லை. இடைவேளையில் உயரமான கிரெகொரிட்ஷை இறக்கி கிராஸ் ஆட்டத்துக்கு மாறினார்கள். 59-இல் மறுபடி கார்னர், மறுபடி டெமிரால். 66-இல் கிரெகொரிட்ஷ் ஒன்றைத் திருப்பினார். கடைசி நொடிகளில் பவும்கார்ட்னர் தலையால் முட்டியதை கோல்கீப்பர் குனோக் தடுத்ததை வைத்து அந்த 2-1 தோல்வியை "துரதிர்ஷ்டம்" என்கிறார்கள்.

அந்தத் தடுப்பு வேண்டுமானால் துரதிர்ஷ்டம். இரண்டு கார்னரில் ஒரே ஆளை விட்டது அப்படியல்ல. துரத்த ஆளில்லாத அன்றைக்குப் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு பூட்டைத் திறக்க, பின்னாலிருந்து இடது காலால் பாஸ் போடும் ஒருவன் தேவைப்பட்டான். அலபா அன்று டச்லைனுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.