கொலையைக் கொஞ்சம் விடுங்கள், பட்டம் கட்டிய கதையைப் பேசுவோம்

போன வாரம் ஒரு ராத்திரி, மகள் சோழ மன்னர்களின் பட்டியலை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ராஜராஜன் 985 முதல் 1014 வரை. ராஜேந்திரன் 1012 முதல் 1044 வரை. ராஜாதிராஜன் 1018 முதல் 1054 வரை. பாதியில் நிறுத்திவிட்டு, "அப்பா, இதுல தப்பு இருக்கு. 1013ல ரெண்டு ராஜாவா?" என்று கேட்டாள். 1012ஐ பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். டீச்சரிடம் கேட்பதற்காம்.

தப்பு இல்லை கண்ணு, நிஜமாகவே இரண்டு ராஜாதான் என்று சொன்னேன். அவள் நம்பாத மாதிரி பார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த வட்டம் மனசிலேயே நிற்கிறது.

சோழர் வாரிசு என்று யாராவது பேச்செடுத்தாலே நாம் நேராக ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலைக்குப் போய்விடுகிறோம். யார் கொன்றது, அவனுக்குப் பின் பட்டத்துக்கு வந்த சிற்றப்பா உத்தம சோழனுக்குப் பங்கு உண்டா, ராஜராஜனின் அக்கா குந்தவைக்குத் தெரியுமா என்று வருஷம் முழுக்க இதே பேச்சு. அந்தக் கேள்வி முக்கியமில்லை என்று சொல்லமாட்டேன். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டை நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லி, துரோகிகள் என்று எழுதி, அவர்களுடைய சொத்தும் உறவினர் சொத்தும் பறிக்கப்பட்டதைச் சொல்கிற கல். அதன் முன்னால் நின்றபோது எனக்கும் மயிர் கூச்செறிந்தது. ஆனால் ஒரு கொலையைச் சுற்றிச் சுற்றி வந்து, ராஜராஜனிலிருந்து வீரராஜேந்திரன் வரை 85 ஆண்டுகள், ஐந்து மன்னர்கள், அரியணைக்காக அண்ணன் தம்பி படை திரட்டி மோதாமல் ஆட்சி கைமாறியதை நாம் பேசாமலே விட்டுவிட்டோம். இதுதான் என் ஆதங்கம்.

அது எப்படி முடிந்தது? விடை என் மகள் போட்ட வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அப்பா உயிரோடு, திடமாக இருக்கும்போதே அடுத்தவனுக்குப் பட்டம் கட்டிவிடுவார்கள். நம் ஊரில் இளவரசுப் பட்டம் என்றால் சும்மா ஒரு மரியாதை என்று நினைக்கிறோம். சோழர்களிடம் அப்படி இல்லை. பட்டம் கட்டிய நாளிலிருந்தே அவனுடைய ஆட்சியாண்டு ஓடத் தொடங்கிவிடும். அவன் பெயரிலேயே கல்வெட்டு வெட்டுவார்கள். 1026 வாக்கில் ஒரு ஊரில் ராஜேந்திரனின் 15ஆம் ஆண்டு என்று எழுதியிருப்பார்கள், இன்னோர் ஊரில் ராஜாதிராஜனின் 9ஆம் ஆண்டு என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலம்தான். கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு விட்டவருக்கும் நிலம் எழுதி வைத்தவருக்கும் அடுத்த ராஜா யார் என்பதில் குழப்பமே இருந்திருக்காது. 1044இல் ராஜேந்திரன் பிரம்மதேசத்தில் இறந்தபோது மகன் இருபத்தாறு ஆண்டுகளாக ராஜாவாக இருந்து பழகியவன்!

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொள்வார்கள். ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி, ராஜாதிராஜன் ராஜகேசரி, அவன் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் பரகேசரி. அப்புறம் வருகிற வீரராஜேந்திரன் ராஜகேசரி. ஆனால் இந்த இருவருக்கும் நடுவில் இன்னொரு ராஜகேசரி இருந்தான். இரண்டாம் ராஜேந்திரனின் மகன் ராஜமகேந்திரன். இளவரசுப் பட்டம் கட்டினார்கள், அப்பாவுக்கு முன்பே இறந்துபோனான். அவன் இடத்துக்கு வந்த சிற்றப்பா வீரராஜேந்திரன் அதே ராஜகேசரிப் பட்டத்தையே எடுத்துக்கொண்டான்.

இதை வைத்துக்கொண்டு பழைய கதையைத் திரும்பப் பாருங்கள். ராஜராஜனுக்கும் ஆதித்த கரிகாலனுக்கும் அப்பா சுந்தர சோழன் ராஜகேசரி. ஆதித்த கரிகாலன் பரகேசரி. அவனுக்குப் பின் வந்த உத்தம சோழனும் பரகேசரி! அப்பாவுக்கு முன்பே போய்விட்ட இளவரசனின் இடத்தில் அடுத்தவன் வந்து அதே பட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறான். கொலையை யார் செய்திருந்தாலும் சரி, அதற்குப் பின் நடந்தது முறைப்படியே நடந்திருக்கிறது என்று நான் படிக்கிறேன். திருவாலங்காட்டுச் செப்பேடும் இதற்கு ஒத்துப்போகிறது. மக்கள் அருமொழிவர்மனை, அதாவது ராஜராஜனை, அரசேற்கச் சொன்னார்கள், சிற்றப்பா உத்தம சோழனுக்கு ஆசை இருக்கும்வரை மனசாலும் அதை நினைக்க மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான் என்கிறது அது. அது ராஜேந்திரன் கொடுத்த செப்பேடு, தன் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் ஏற்றித்தான் எழுதச் சொல்லியிருப்பான். சரி, அதைக் கழித்துக்கொள்வோம். உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் என்ன ஆனான்? ராஜராஜனிடமே அதிகாரியாக இருந்து கோயில் கணக்குகளை விசாரித்துக்கொண்டிருந்தான். உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி ராஜராஜன் ஆட்சியிலும் திருப்பணி செய்துகொண்டு மதிப்போடு வாழ்ந்தார். பழிவாங்குகிற வீட்டில் இதெல்லாம் நடக்குமா?

பட்டம் கட்டிய ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதற்கு 1054ஆம் ஆண்டு கொப்பம் போரைவிட நல்ல இடம் கிடையாது. எதிரே சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன். யானைமேல் இருந்தபடியே ராஜாதிராஜன் கொல்லப்படுகிறான். பின்னால் வந்தவர்கள் அவனை 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்றே எழுதினார்கள். ராஜா விழுந்தால் படை சிதறும், அந்தக் காலத்துப் போர் அப்படித்தான். ஆனால் ஏற்கனவே இளவரசுப் பட்டம் கட்டிய தம்பி இரண்டாம் ராஜேந்திரன் அதே களத்தில் இருந்தான். தாம்பரம் பக்கத்து மணிமங்கலம் கல்வெட்டு அவன் போரிட்டதை விவரிக்கிறது. சாளுக்கியர் அம்பு அவன் யானையின் மத்தகத்தில் தைக்கிறது, அவன் தொடையில் தைக்கிறது, தோளில் தைக்கிறது. அவன் இறங்கவில்லை. ஆகவமல்லன் ஓடினான், தம்பி போர்க்களத்திலேயே முடிசூடினான். அடுத்தவன் யார் என்று அந்த நிமிஷத்தில் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அது முன்பே முடிவான விஷயம்.

அதே மணிமங்கலம் கல்வெட்டில் எனக்குப் பிடித்த இன்னொரு பகுதி, இரண்டாம் ராஜேந்திரன் சிற்றப்பா, தம்பிகள், மகன்கள், பேரன்கள் என்று 13 பேருக்குப் பட்டமும் பொறுப்பும் கொடுத்த பட்டியல். சோழ பாண்டியன், சோழ அயோத்தியராஜன், சோழ கன்னியாகுப்ஜன் என்றெல்லாம் பெயர்கள். சும்மா அலைய விட்டால் சதி செய்யக்கூடிய ஒவ்வொருவனுக்கும் ஒரு மகுடம், ஒரு வேலை.

சரி, 1070இல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வீரராஜேந்திரன் மகன் அதிராஜேந்திரனுக்கும் இளவரசுப் பட்டம் கட்டித்தான் இருந்தார்கள். அப்பா போன சில மாதங்களுக்குள் கலகத்தில் அவனும் போய்விட்டான். மைத்துனன் சாளுக்கிய விக்கிரமாதித்தன் வந்து தாங்கிப் பார்த்தும் நிற்கவில்லை. பட்டம் மட்டும் போதாது, ஊர் ஏற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போதுதான் ஆந்திரப் பக்கத்து வேங்கியிலிருந்து குலோத்துங்கன் வருகிறான்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலர் "அவன் தெலுங்கன், சோழர் கதை அத்தோடு முடிந்தது" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவன் அம்மா அம்மங்கதேவி, ராஜேந்திரனின் மகள். அப்பாவைப் பெற்ற பாட்டி குந்தவை, ராஜராஜனின் மகள். மனைவி மதுராந்தகி, இரண்டாம் ராஜேந்திரனின் மகள், அதாவது மாமன் மகள். நம் வீட்டில் மகள் வயிற்றுப் பேரனை அந்நியன் என்று சொல்வோமா? மூன்று தலைமுறையாகப் பெண் கொடுத்து வளர்த்த உறவு, நேர்வழி அறுந்த அன்றைக்குக் கை கொடுத்தது. அவன் ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆண்டான். அதற்குப் பின் சோழ நாடு 1279 வரை நின்றது. அந்தப் பெண்கள் பெயரை எத்தனை பேர் ஞாபகம் வைத்திருக்கிறோம்?

பக்கத்திலேயே பாண்டியரைப் பாருங்கள். மாறவர்மன் குலசேகரனின் இரண்டு மகன்கள், சுந்தரனும் வீரனும். இருவருக்குமே ஆட்சியாண்டு ஓடிக்கொண்டிருந்தது, யார் முதலில் என்பதுதான் தீரவில்லை. 1310இல் அப்பா போனதும் வெட்டிக்கொண்டார்கள், 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக்காபூர் மதுரையில் நின்றான்.

கடைசியாக, மகளிடம் நான் சொல்ல நினைத்த கதை. மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. குலோத்துங்கன் வழியில் வந்த இரண்டாம் ராஜராஜன் இறக்கும்போது அவனுடைய பிள்ளைகளுக்கு ஒரு வயதும் இரண்டு வயதும். ஆளும் வயதில் மகன் இல்லை என்பதால், குலோத்துங்கனின் மகன் விக்கிரம சோழனின் பேரன் எதிரிலிப்பெருமாளைக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து வரவழைத்து ஏற்பாடு செய்து வைத்திருந்தான். ராஜா இறந்ததும் அமைச்சர் பெருமானம்பிப் பல்லவராயர் அந்தக் கைக்குழந்தைகளையும் அந்தப்புரத்தையும் ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து பத்திரமாக வெளியேற்றி ராஜராஜபுரத்தில் வைத்துக் காத்தார். அந்த எதிரிலிப்பெருமாளுக்கே இரண்டாம் ராஜாதிராஜன் என்று முடிசூட்டி வைத்தார். நினைத்திருந்தால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவரே ஆண்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க முடியாது. அப்புறம் பாண்டிய நாட்டுப் போரையும் நடத்திவிட்டு, நோயில் விழுந்து இறந்துபோனார். அவர் இறந்தபின் புது ராஜா அவர் குடும்பத்தாருக்கு வரி நீக்கி நிலம் கொடுத்தான். அந்த நிலத்தைக் கொடுத்ததற்காக வெட்டிய கல்வெட்டு என்பதால்தான் அந்த இரண்டு குழந்தைகளின் வயதுகூட இன்றைக்கு நமக்குத் தெரிகிறது.