அந்த ஸ்லைடுக்கு என் பதில்

சனிக்கிழமை நடந்த டெவலப்பர்கள் கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த வீடியோவை இன்பாக்ஸில் அனுப்பி, "அண்ணே, இதப் பாத்தீங்களா?" என்று கேட்பவர்கள் ஓய்வதாக இல்லை. பார்த்தேன் சாமி. வீடியோவில் என்ன, நேரிலேயே பார்த்தேன். "இங்க யாராவது ஃபிளாஷ் டெவலப்பர் இருந்தா பயப்படாம கை தூக்குங்க" என்று பேச வந்த தம்பி மேடையிலிருந்து கேட்டபோது வெள்ளந்தியாகத் தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று. அடுத்த ஸ்லைடில் கல்லறைக் கல் வந்து விழுந்தது. அரங்கமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

கல்லறைக்காக எனக்குக் கோபம் இல்லை. பிரவுசரில் அனிமேஷனையும் கேமையும் ஓட்டிய அடோபியின் ஃபிளாஷ் பிளேயர் 2020 கடைசியோடு முடிந்துவிட்டது என்பது ஊரறிந்த விஷயம். கருமாதி முடிந்து வருஷங்கள் ஆகின்றன. அதற்கடுத்து தம்பி சொன்னாரே, "இந்தக் குப்பையில வேலை செஞ்ச ஒரு தலைமுறையே வேஸ்ட்" என்று, அதற்குத்தான் இந்தப் பதிவு.

செத்தது ஒரு பிளேயர். அதை வைத்துப் பிழைத்தவர்கள் எழுதிப் பொதுவில் போட்ட கோட் இன்றைக்கும் ஓடுகிறது. தம்பியின் ஸ்லைடிலேயே ஓடியது.

எப்படி என்கிறீர்களா? அந்தக் கல் மேலிருந்து விழுந்து, தரையில் பட்டு, துள்ளி, ஒவ்வொரு துள்ளலும் முன்னதைவிடக் குறைந்து, அப்புறம் அடங்கியதல்லவா? வெப்பில் இந்தத் துள்ளலுக்கு வழக்கமாக இருக்கும் பெயர் ஈஸ்அவுட்பவுன்ஸ். ராபர்ட் பென்னர் என்பவர் 2001 வாக்கில் ஃபிளாஷுக்காக எழுதிய ஈசிங் சூத்திரங்களில், அதாவது ஓர் அசைவு எப்படி வேகமெடுத்து எப்படி அடங்க வேண்டும் என்று சொல்லும் சூத்திரங்களில், ஒன்று அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிஎஸ்டி உரிமத்தில் கொடுத்துவிட்டார். ஜேகுவரி என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்கு எடுத்தார்கள், பிறகு எல்லோரும் எடுத்தார்கள். இந்தத் துள்ளல் இருக்கிற லைப்ரரி எதையாவது திறந்து 7.5625 என்று தேடிப் பாருங்கள். பக்கத்திலேயே 2.75 என்று ஓர் எண் இருக்கும். 2.75-இன் வர்க்கம்தான் 7.5625. நேரத்தைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பரவளைவு. முதல் துண்டு முடிகிற அதே கணத்தில் கல் தரையைத் தொடும்படி அந்த எண் பொருந்தி உட்காரும். இதைத்தான் தம்பி குப்பை என்கிறார். அந்தக் குப்பையை வைத்தே குப்பை என்று சொன்னார்.

இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். இன்றைக்குப் பிரவுசரில் முப்பரிமாணம் என்றாலே எல்லோரும் போய் நிற்கும் த்ரீ.ஜேஎஸ், முதலில் ஃபிளாஷின் மொழியான ஆக்ஷன்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டு, அப்புறம் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றப்பட்டது. கிட்ஹப்பில் 2010 ஏப்ரலில் வந்தது. அனிமேஷன் லைப்ரரியான ஜிசாப் ஃபிளாஷில் ட்வீன்லைட் என்ற பெயரில் இருந்தது. டைப்ஸ்கிரிப்ட் மொழியில் மாறியின் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு, எண்ணா எழுத்தா என்று வகையை எழுதுகிறீர்களே, அதை ஆக்ஷன்ஸ்கிரிப்ட் 3-இல் 2006-லேயே தினமும் எழுதிக்கொண்டிருந்தோம். டைப்ஸ்கிரிப்ட் வந்தது 2012-இல். "வகை எழுதினா கோட் எவ்ளோ சுத்தமா இருக்கு பாருங்க" என்று இதே தம்பி போன கூட்டத்தில் எங்களுக்கு வகுப்பெடுத்தார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவனுக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்று உங்களுக்குப் புரியாது.

நான் ஃப்ரீலான்ஸுக்கு வந்த காலத்தில் ஃபிளாஷ் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவதெல்லாம் எங்களுக்குக் கனவு. நம் ஊரில் அது எப்படிக் கிடைத்தது என்று இங்கே எழுத வேண்டாம், வயதானவர்களுக்குத் தெரியும். அப்படி இருந்தபோதுதான் எம்டாஸ்க் கைக்கு வந்தது. பிரான்சில் மோஷன் ட்வின் என்ற சின்ன கேம் கம்பெனியில் இருந்த நிக்கோலா கன்னாஸ் எழுதிய ஆக்ஷன்ஸ்கிரிப்ட் கம்பைலர், அதாவது நாம் எழுதும் கோடை ஓடக்கூடிய ஃபிளாஷ் கோப்பாக மாற்றும் கருவி. இலவசம், மூலக் கோடும் எல்லோருக்கும் திறந்த ஓப்பன் சோர்ஸ். அதிகாரபூர்வ கம்பைலர் ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் எடுத்துக்கொள்ளும் வேலையை இது என்டர் தட்டி விரலை எடுப்பதற்குள் முடித்துவிடும். படங்களையும் எழுத்துருவையும் கட்டித் தர எஸ்டபிள்யூஎஃப்மில். எழுதுவதற்கு ஃபிளாஷ்டெவலப். சல்லிக்காசு செலவில்லாமல், திருட்டு சிடியும் இல்லாமல், ஒருவன் வீட்டு மூலையில் உட்கார்ந்து முழு வேலையையும் முடித்து வெளிநாட்டு கிளையன்டுக்கு அனுப்பலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. எங்கள் வீட்டில் அரிசி வாங்கிய காசு அந்த முகம் தெரியாத ஆட்கள் போட்ட பிச்சை என்றே சொல்வேன், எனக்கு அதில் வெட்கம் இல்லை. அதே கன்னாஸ் பிறகு ஹேக்ஸ் மொழியை உருவாக்கினார். 2018-இல் வெளிவந்த டெட் செல்ஸ் கேமை மோஷன் ட்வின் அந்த ஹேக்ஸில்தான் செய்தது. தம்பியின் ப்ரொஃபைலில் பிடித்த கேம் என்று என்ன போட்டிருக்கிறார் என்று போய்ப் பாருங்கள். நான் சொல்லவில்லை.

தமிழ் விஷயம் ஒன்று. பிள்ளைகளுக்கான பாட சிடிகள் நிறைய செய்தேன். ஃபிளாஷ் கோப்புக்குள்ளேயே எம்பெட் செய்த யூனிகோட் எழுத்துருவில் 'கொக்கு' என்று கொடுத்தால் கொம்பு 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைச் சேர்த்துக் கோர்க்கும் அறிவு அன்றைய பிளேயருக்கு இல்லை. பழைய குறியாக்க எழுத்துருக்களை வைத்து, கொம்பை முன்னால் தட்டி, காலைப் பின்னால் தட்டி ஒப்பேற்றுவோம். ஒரு கதையில் ஒரு வார்த்தையைத் திருத்த வேண்டுமென்றால் அன்றைய பொழுது போச்சு. 2008-இல் ஃபிளாஷ் பிளேயர் 10 வந்து, அதன் புதிய எழுத்து எஞ்சினும் அதன்மேல் கட்டிய டிஎல்எஃப் என்ற ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியும் வந்த பிறகுதான் இந்திய மொழிகள் ஒழுங்காக நின்றன. 'கொ' சரியாக வந்த அன்று பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் "இதுல என்ன அங்கிள் இருக்கு?" என்று கேட்டான். அவனும் இப்போது ஐடியில்தான் இருக்கிறான்.

மாநாடு என்றால் பிட்சாவும் ஸ்டிக்கரும் என்று ஆகிவிட்ட காலத்தில் இதைச் சொன்னால் கிழவன் பேச்சு மாதிரி இருக்கும், பரவாயில்லை. டொராண்டோவில் எஃப்ஐடிசி என்ற ஃபிளாஷ் மாநாடு 2002-இல் தொடங்கியது. இங்கிலாந்தின் பிரைட்டனில் ஃபிளாஷ் ஆன் த பீச் 2006-இலிருந்து 2011 வரை நடந்தது. விமான டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் எனக்கு ஏது வக்கு? போனதில்லை. ஆனால் அங்கே பேசியவர்களில் பலர், பேச்சு முடிந்ததும் சோர்ஸ் ஃபைலை அப்படியே நெட்டில் போட்டுவிடுவார்கள். ராத்திரி இங்கே நான் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஃபிளாஷுக்கான முப்பரிமாண லைப்ரரி பேப்பர்விஷன்3டி வந்த புதிதில், கேமரா என்றால் என்ன, முக்கோணம் என்றால் என்ன, எந்த முக்கோணத்தை முதலில் வரைவது என்பதையெல்லாம் அந்த சோர்ஸைப் படித்துத்தான் கற்றேன். எந்தக் கல்லூரி சொல்லிக்கொடுத்தது? அந்த மாநாடுகள் பிறகு பெயரை மாற்றிக்கொண்டன. எஃப்ஐடிசியின் முதல் எழுத்து ஃபிளாஷைக் குறிப்பதை விட்டது, பிரைட்டன் மாநாடு ரீசன்ஸ் டு பி கிரியேட்டிவ் ஆனது. அங்கே யாரும் பழைய ஆட்களை எழுந்து நிற்கவைத்துச் சிரிக்கவில்லை. அவர்களைத்தான் மேடையேற்றினார்கள்.

இப்போது கமெண்டில் வரப்போவதையும் பார்த்துவிடலாம்.

"செக்யூரிட்டி ஓட்டை?" இருந்தது. நிறைய இருந்தது. பேட்ச் மேல் பேட்ச் வந்தது. பிளேயரை மூடியது சரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் நான் எழுதிய கோட்டுக்கும் என்ன சம்பந்தம்? "ஸ்கிப் இன்ட்ரோ?" தளத்தைத் திறந்ததும் ஓடிய அந்த அறிமுகப் படத்தைத்தானே சொல்கிறீர்கள்? ஐயா, அதைக் கேட்டது கிளையன்ட். லோகோ சுற்றிச் சுற்றி வர வேண்டும், பின்னால் புல்லாங்குழல் வேண்டும் என்று கேட்டவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாயிற்று.

"ஸ்டீவ் ஜாப்ஸே சொல்லிட்டாரே!" ஆமாம், ஐபோனில் ஃபிளாஷை ஏன் விடவில்லை என்று 2010 ஏப்ரலில் கடிதம் எழுதினார். பேட்டரி, டச், பாதுகாப்பு, எல்லாம் இருந்தது. அதே மாதம் ஆப்பிள் தன் டெவலப்பர் ஒப்பந்தத்தை மாற்றி, ஃபிளாஷில் எழுதி ஐபோன் ஆப்பாக மாற்றும் வழியையும் அடைத்தது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. செப்டம்பரில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். 2011 நவம்பரில் அடோபியே மொபைலுக்கான பிளேயரைக் கைவிட்டது. அந்த நவம்பரில் வெளிநாட்டு கிளையன்ட் ஒருவருக்கு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுக் கடைசித் தவணைக்குக் காத்திருந்தேன். "ஃபிளாஷ் செத்துவிட்டதாமே, பிறகு எதற்கு மீதிப் பணம்?" என்று மெயில் வந்தது. நான் செய்துகொடுத்ததை அதற்கப்புறமும் அவர் தளத்தில் வைத்திருந்தார், அது வேறு கதை. செத்த பொருளுக்குப் பணம் கிடையாது, ஆனால் பிணம் கடையில் நின்று வியாபாரம் செய்யலாம்.

கடைசியாக வருவதுதான் என்னைக் கடிக்கும் கேள்வி. "ஒரே கம்பெனி கையில இருந்த பொருளை நம்பினீங்க, அது உங்க முட்டாள்தனம்." பிளேயர் மூடிய பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் சுற்றி இருந்தது என்ன? ஆக்ஷன்ஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் எஞ்சினான விர்ச்சுவல் மெஷினின் சோர்ஸ் 2006-இலேயே டாமரின் என்ற பெயரில் மொசில்லாவுக்குப் போனது. ஃபிளாஷில் ஆப் கட்டும் கருவித்தொகுப்பான ஃப்ளெக்ஸ் எஸ்டிகே 2008-இல் ஓப்பன் சோர்ஸ் ஆனது, பின்னால் அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்புக்குப் போனது. பாக்ஸ்2டியின் ஃபிளாஷ் வடிவம், ரெட்5, ஏஎம்எஃப்பிஹெச்பி, அவே3டி, ஃப்ளிக்சல், ஸ்டார்லிங் என்று ஃபிளாஷைச் சுற்றி வந்த கருவிகள் அத்தனையும் வெளியாட்கள் எழுதிக் கொடுத்தவை. மூடிய கதவுக்கு முன்னால் திறந்த சந்தையே நடந்தது. நீங்கள் மட்டும் என்ன? உங்கள் கோட் யார் சர்வரில் கிடக்கிறது? உங்கள் ஆப் வெளிவர யார் சம்மதம் வேண்டும்? இப்போது கோட்டையே எழுதித் தரும் அந்த ஏஐ, மாதக் கட்டணம் நின்றால் உங்களோடு பேசுமா? நாளைக்கு அவர்கள் கதவைச் சாத்தினால், உங்களுக்கும் ஒரு ஸ்லைடு போட ஒரு தம்பி வருவான். நான் சாபம் விடவில்லை. வருவான்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. தம்பியின் பேச்சுக்குத் தலைப்பு என்ன? ரஸ்ட்டும் வெப்அசெம்ப்ளியும். முன்னது ஒரு நிரல் மொழி, பின்னது பிரவுசருக்குள் வேகமாக ஓடும் கோட் வடிவம். ரஸ்ட்டில் எழுதி வெப்அசெம்ப்ளியாகப் பிரவுசரில் ஓடும் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில் பேர்போன ஒன்று ரஃபிள். அது என்ன செய்கிறது தெரியுமா? பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டுகிறது! 2020 நவம்பரில், பழைய இணையத்தைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் அதை எடுத்துக்கொண்டு பழைய அனிமேஷன்களையும் கேம்களையும் ஓடவைத்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயர் எதையும் ஓட்ட மறுத்து, பக்கங்களில் எல்லாம் சாம்பல் நிறக் கட்டம் வந்தபோது, எங்கள் வேலையைக் காப்பாற்ற வந்தது தன்னார்வலர்கள்தான். நான் செய்த கொக்கு கதை இன்று ரஃபிளில் ஓடுகிறது. அக்கா மகள் போனில் பார்த்துவிட்டு, "மாமா, இது நீங்க பண்ணதா?" என்றாள். இருபது வருஷத்தில் என் சொந்தத்தில் என் வேலையைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. அதுவரைக்கும் "கம்ப்யூட்டர்ல ஏதோ படம் போடுறான்" என்பதுதான் என் உத்தியோகம்.

அமைப்பாளர்கள் நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். தம்பி யாரையும் புண்படுத்தும் நோக்கத்தில் பேசவில்லையாம், அவர் வீடியோவுக்குக் கீழே நான் போட்ட கமெண்டை எடுத்துவிட முடியுமா என்று கேட்கிறார்கள். எடுக்க முடியாது. அடுத்த கூட்டத்தில் "பழைய நினைவுகள்" என்று பத்து நிமிடம் தருகிறார்களாம். என்ன தம்பி, நான் என்ன ரேடியோவில் நேயர் விருப்பமா?

பேசுகிறேன், ஆனால் தலைப்பை நான்தான் வைப்பேன். முழு நேரமும் வேண்டும். அந்தத் துள்ளல் சூத்திரத்தைப் போர்டில் எழுதிப் போடுவேன், சோர்ஸை அன்றே பொதுவில் வைப்பேன். அப்புறம் இன்னொன்று: ஸ்பான்சர் பெயர் பனியன் வரைக்கும் அச்சாகிறதே, அந்தக் கணக்கில் பேச வருபவருக்கு பஸ் டிக்கெட் காசு எழுதியிருக்கிறீர்களா இல்லையா என்பதை முதலில் சொல்லுங்கள்.