பாம்பன் கரையில் ஆடிய வெளிச்சம்

2025 ஜனவரியில் ஒரு மாலை, மண்டபம் பக்கம் வானத்தில் ஒரு வெளிச்சம் இடவலமாக ஆடுவதாகவும், சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னுவதாகவும் சொல்லி, பாம்பன் கரையிலிருந்து ஒரு தம்பி எடுத்த காணொளி, இரவுச் சாப்பாட்டுக்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்துக்கும் வந்து சேர்ந்தது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம் இருப்பதால் ஆளில்லா விமானம் என்றனர் பாதிப்பேர். மீதிப்பேர் பறக்கும் தட்டு என்றனர். வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அந்திவெள்ளிடா மாப்ள, இத்தனை நாளா பாக்காமலா இருந்தீக?" என்று கேட்டுவிட்டு மறுபடி வலைக்குள் குனிந்துகொண்டார்.

இதில் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக் எல்லையில் பாங்கோங் ஏரிப் பக்கம் காவலில் இருந்த நம் ராணுவத்தினரே, அடையாளம் தெரியாத ஒளிப்பொருள்களை 329 தடவை பதிவு செய்து, சீனாவின் உளவு விமானங்களாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தாரிடம் கேட்டபோது, அவை வெள்ளி, வியாழன் என்னும் கோள்கள் என்று தெரியவந்தது. சந்தேகத்தை மறைக்காமல், வானம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்களே, அதைத்தான் நான் விசாரணை என்பேன்.

அசையாத வெள்ளி ஏன் ஆடியது? சுற்றிலும் இருட்டாக இருந்து, ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் இல்லாதபோது, நிலையான ஒளிப்புள்ளி நகர்வதாகக் கண்ணுக்குத் தோன்றும். ஆடும் வத்தையில், அதாவது சிறு படகில், உட்கார்ந்து பார்த்தால் கேட்கவே வேண்டாம். அடிவானத்தை நெருங்கும்போது வெள்ளியின் ஒளி காற்றின் கனத்த அடுக்குகளைக் கடந்து வர வேண்டியிருப்பதால், நிறங்கள் பிரிந்து சிவப்பும் பச்சையுமாகத் துடிக்கிறது. கைப்பேசியின் கேமரா குவியம் தவறினால், அந்தப் புள்ளியே தட்டையான வட்டமாகிவிடும். பறக்கும் 'தட்டு' பிறந்த கதை அவ்வளவுதான்.

ஆனால், அரசு விளக்கம் என்றாலே தலையாட்டிவிட வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். வானில் கண்ட அடையாளம் தெரியாத பொருள்கள் பற்றி அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை நடத்திய 'புளூ புக்' விசாரணைக்கு ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக், 1966இல் மிச்சிகனில் பலர் கண்ட ஒளிகளுக்குச் சதுப்பு நில வாயு காரணமாகலாம் என்றார். நம் பாட்டிமார் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொன்னதும் அதைத்தான். விளக்கம் அவசரமாக வந்ததால் நாடே சிரித்தது. அந்த மாநிலத்தின் மக்களவை உறுப்பினராக இருந்த ஜெரால்டு ஃபோர்டு, நாடாளுமன்ற விசாரணையே கேட்டார். கண்டவர் சொன்னதை முழுதாகக் கேட்காமல் தரும் விளக்கம், சரியாகவே இருந்தாலும், மக்கள் மனதில் நிற்காது.

'புளூ புக்' விசாரணைக்கு வந்த 12,618 தகவல்களில் 701 மட்டும் கடைசிவரை அடையாளம் காணப்படாமல் நின்றன. மற்றவை நட்சத்திரம், கோள், பலூன், விமானம் என்று தீர்ந்தன. இந்த 701ஐத்தான் நம் குழுக்களில் வேற்றுக்கிரகவாசிகளின் வருகைப் பதிவேடு போல எடுத்து நீட்டுகிறார்கள். கரை ஒதுங்கிய கட்டை எந்தப் படகினுடையது என்று தெரியாவிட்டால், படகு தெரியவில்லை என்றுதானே சொல்வோம்? 2024இல் வெளியான, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் அறிக்கையும், இத்தனை ஆண்டுக் கோப்புகளைப் புரட்டிவிட்டு, வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றே சொன்னது.

காணொளி எடுத்த தம்பியிடம் எந்தத் திசை, எவ்வளவு உயரம், எத்தனை நேரம் என்று கேட்டேன். மேற்கே, தலைக்கு மேல் பாதி உயரத்தில் இருந்து மெல்ல இறங்கி, ஒன்பது மணி வாக்கில் மறைந்ததாகச் சொன்னான். மறுநாள் அவனே குழுவில் எழுதியிருந்தான்: "அண்ணே, இன்னைக்கும் அதே நேரத்துக்கு அதே இடத்துல நிக்குது."