மாதம் 3 வெள்ளிக்குக் குற்றவாளிப் பட்டம்

கடந்த வெள்ளிக்கிழமை இரவு 11.10 மணிக்கு நான் ஐயத்துக்குரிய ஆள் என்று எனக்கு அறிவிக்கப்பட்டது. அறிவித்தது, ஆறு ஆண்டுகளாக வாரம் தவறாமல் நான் விளையாடிவரும், துப்பாக்கிக்கு வண்ணம் பூசும் ஸ்கின்களுக்காக மனைவிக்குத் தெரியாமல் சில நூறு சிங்கப்பூர் வெள்ளியை நான் கொட்டியிருக்கும் ஓர் இணைய ஆட்டம். பிள்ளைகளைத் தூங்கவைத்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவனிடம், "வழக்கத்துக்கு மாறான இடத்திலிருந்து நுழைந்திருப்பதால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது" என்றது திரை. நான் உட்கார்ந்திருந்ததோ சிங்கப்பூரில், ஈசூன் வட்டாரத்து வீவக அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறையில், அதே ஜன்னலோரத்தில், ஒரு கால் ஆடும் அதே நாற்காலியில். ஆட்டத்தின் கணக்கில் மட்டும் நான் ஜெர்மனியில் இருந்தேன்.

எப்படி என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு மருமகன் இருப்பான்.

என் அக்கா மகன் தேசிய சேவையில் இருக்கிறான். வெள்ளி இரவு முகாமிலிருந்து வெளியே வந்தால், அழுக்குத் துணியை அவன் அம்மாவிடமும் அறிவுரையை என்னிடமும் இறக்கிவைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம். சில வாரங்களாக ஆட்டத்தில் பிங் (ஆட்ட சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் மில்லிவினாடிகள்) 9இலிருந்து திடீரென்று 80க்குத் தாவுகிறது, நான் சுட்ட பிறகும் எதிரி நடந்துகொண்டே இருக்கிறான் என்று நான் புலம்பியதைக் கேட்டவன், "மாமா, ஷேர்டு ப்ராக்ஸி போட்டுடுங்க. எங்க முகாம்ல எல்லாரும் அதான் வச்சிருக்காங்க. மாசம் மூணு வெள்ளிதான்" என்றான். ஒரு தே தாரிக்கையும் ஒரு முட்டைப் புரோட்டாவையும் சேர்த்து வாங்க முடியாத காசுக்கு, என் இணையப் போக்குவரத்தை இடையில் வாங்கித் தன் முகவரியில் அனுப்பிக்கொடுக்க ஒரு கணினி எனக்காக இரவும் பகலும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்பிய என் கணித அறிவை நானே மெச்சிக்கொள்கிறேன்.

அது எனக்காக ஓடவில்லை. என்னோடு சேர்த்து இன்னும் எத்தனை பேருக்காக ஓடியது என்பதை விற்றவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பகிர்ந்த ப்ராக்ஸி என்பது அவ்வளவுதான்: முன்பின் தெரியாத பலர் ஒரே ஐபி முகவரிக்கு (இணையத்தில் நம் இணைப்பின் அடையாள எண்) பின்னால் நின்றுகொண்டு, வெளியுலகுக்கு ஒரே ஆளாகத் தெரிவது. அவர்களில் ஒருவன் தானியங்கி நிரல் வைத்து இரவெல்லாம் ஆட்டத்துக்குள் தங்கம் சேர்த்து விற்பவனாக இருக்கலாம், இன்னொருவன் திருடிய கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பவனாக இருக்கலாம், மூன்றாமவன் ஏமாற்று மென்பொருளோடு மாட்டிக்கொண்டு நாற்பதாவது கணக்கைத் திறப்பவனாக இருக்கலாம். ஆட்ட நிறுவனத்தின் பதிவேட்டில் அத்தனையும் ஒரே முகவரியின் கைவரிசையாகத்தான் பதியும். பனைமரத்தடியில் நின்று பால் குடித்தவனையே ஊர் நம்பாது என்பார்கள். நானோ அந்த மரத்தடியில் நிற்பதற்கு மாதவாடகையும் கட்டியிருந்தேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமை இரவை நான் நிமிடம் நிமிடமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் மனைவி பாதியில் தூங்கிவிட்டார்.

கணக்கை மீட்கும் பொத்தானை அழுத்தினேன். திறந்த பக்கம் முழுவதும் ஜெர்மன் மொழியில் இருந்தது. மூன்று வாரங்களாகச் சிங்கப்பூர் முகவரியைத் தந்துகொண்டிருந்த ப்ராக்ஸிக்காரர், அன்றைக்கென்று பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை ஃபிராங்பர்ட்டுக்கு மாற்றியிருந்தார். அந்தப் பக்கமும் என் முகவரியைப் பார்த்து, நான் மண்ணின் மைந்தன் என்று முடிவுகட்டி, மரியாதையாக என் 'தாய்மொழியில்' பேசத் தொடங்கியிருந்தது. நான் மனிதன்தான் என்பதை நிரூபிக்க ஒன்பது படங்கள், மேலே கொட்டை எழுத்தில் ஒரே ஒரு சொல். அதை நான் ஆம்பல் என்று படித்தேன்.

உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வற்புறுத்திப் படிக்கவைத்த மலர்ப் பெயர்களில் எனக்கு இன்னும் நினைவிருப்பவை மூன்றோ நான்கோதான், அவற்றில் ஆம்பலும் ஒன்று. ஆகவே ஒன்பது படங்களிலும் குளத்தைத் தேடினேன். எல்லாமே சாலைகள். ஒரு சாலையோரத்தில் மட்டும் மழைநீர் தேங்கியிருந்ததால், இதற்குள் எங்கேனும் பூத்திருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் அதை அழுத்தினேன். தவறு. கைப்பேசியின் படக்கருவியைத் திரைக்கு நேரே பிடித்து மொழிபெயர்த்த பிறகுதான் அந்தச் சொல் 'ஆம்பெல்ன்' என்பதும், அதற்குப் போக்குவரத்து விளக்குகள் என்று பொருள் என்பதும் தெரிந்தது. விளக்குகளைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்து பேருந்துகள் வந்தன. பிறகு மிதிவண்டிகள் வந்தன. ஒவ்வொரு படமும் பனிமூட்டத்திலிருந்து எழுந்து வருவதுபோல மெல்ல மெல்லத் தெளிந்தது. ஒன்றை அழுத்தினால் அதே இடத்தில் இன்னொன்று முளைத்தது. ஏழு சுற்றுகள். ஹெட்செட்டில் ஜோகூர் பாருவிலிருந்து ஒருவனும் பிடோக்கிலிருந்து இருவரும் பெர்த்திலிருந்து ஒருவனும் "எங்கப்பா இருக்கே?" என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் ஜெர்மானியத் தெருக்களில் மிதிவண்டி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் சுற்றில் நான் மனிதன் என்பது ஏற்கப்பட்டது. உடனே, மின்னஞ்சலுக்கு ஆறிலக்கக் குறியீடு அனுப்பியிருப்பதாகவும் பத்து நிமிடங்களுக்குள் அதை உள்ளிட வேண்டும் என்றும் சொன்னார்கள். மின்னஞ்சலைத் திறந்தேன். கணினி முழுவதுக்குமாக ப்ராக்ஸியை அமைத்துத் தந்திருந்தான் அல்லவா என் மருமகன், அதனால் மின்னஞ்சலும் என்னை ஜெர்மனியில் கண்டு திடுக்கிட்டு, கைப்பேசிக்கு இன்னொரு குறியீடு அனுப்புவதாகச் சொன்னது. அந்தக் குறியீடு வந்து, மின்னஞ்சல் திறந்து, முதல் குறியீட்டைக் கண்டெடுத்தபோது பதினொன்றாவது நிமிடம் நடந்துகொண்டிருந்தது.

சினம் தலைக்கேறி 11.52க்கு ப்ராக்ஸியை அணைத்தேன். அன்றிரவு நான் செய்த ஒரே அறிவுள்ள காரியம் அதுதான், அதற்குத்தான் மிகப் பெரிய தண்டனையும் கிடைத்தது. 11.10க்கு ஃபிராங்பர்ட்டில் இருந்த கணக்கு 11.52க்கு ஈசூனில் இருந்தால், பாதுகாப்பு மென்பொருள் என்னதான் நினைக்கும்? அந்தத் தொலைவு பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். விமானத்துக்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இத்தகைய 'நடக்கவியலாத பயணம்' கணக்குத் திருட்டுக்கான பழைய அடையாளங்களில் ஒன்று. தற்காலிக முடக்கம் அந்த நிமிடமே விசாரணைக்குரிய முடக்கமாகப் பதவி உயர்வு பெற்றது. என் இடத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவனைச் சேர்த்துக்கொண்டு என் நால்வரும் அன்றிரவு மூன்று ஆட்டம் ஆடினார்கள். மூன்றிலும் வென்றார்கள். அதை எனக்குச் செய்தியாகவும் அனுப்பினார்கள்.

மறுநாள் காலை உட்கார்ந்து, இந்த ப்ராக்ஸி மூன்று வாரங்களாக எனக்கு என்னதான் செய்துகொண்டிருந்தது என்று ஆராய்ந்தேன். ஒன்றும் செய்யவில்லை. வேகமான ஆட்டங்கள் தம் தரவுப் பொட்டலங்களைப் பெரும்பாலும், போய்ச் சேர்ந்ததா என்று ரசீது கேட்டு நிற்காத யுடிபி முறையில்தான் அனுப்புகின்றன. இணையப் பக்கங்களுக்கான சாதாரண ஹெச்டிடிபி ப்ராக்ஸி அவற்றைச் சுமப்பதில்லை. 1996இல் வெளியான சாக்ஸ்5 என்ற இன்னொரு ப்ராக்ஸி விதிமுறையில் யுடிபிக்கு இடம் இருக்கிறது என்றாலும், மலிவு விலைக்காரர்கள் பலர் அந்தக் கதவைத் திறந்துவிடுவதில்லை. ஆக, நான் நுழையும் கதவு மட்டும் ப்ராக்ஸி வழியாகவும், நான் ஓடுவதும் சுடுவதும் சாவதும் எப்போதும்போல நேர்வழியிலும் போய்க்கொண்டிருந்தன. அந்த வெள்ளிக்கிழமை நான் உள்ளே போக முடிந்திருந்தால், ஜெர்மனியில் கையெழுத்திட்டுவிட்டுச் சிங்கப்பூரிலிருந்து சுடும் ஆளாகத் தெரிந்திருப்பேன். இந்த அழகில், "ப்ராக்ஸி போட்டதிலிருந்து ஆட்டம் பஞ்சுபோல ஓடுகிறது" என்று அலுவலகத்தில் இருவருக்குச் சிபாரிசும் செய்திருந்தேன். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.

அது ஆட்டத்தை உண்மையாகவே சுமந்திருந்தால் இன்னும் கொடுமை. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிவினாடிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. போகும், இந்தத் தீவின் நீளமே ஏறத்தாழ 50 கி.மீ.; தென்கிழக்காசியாவுக்கான ஆட்ட சர்வர்கள் பலவும் இங்கேயே, சிங்கப்பூரிலேயே இருக்கின்றன. பக்கத்துப் பேட்டையில் இருப்பவனைப் பார்க்க ஃபிராங்பர்ட் வழியாகப் போய், ஃபிராங்பர்ட் வழியாகவே பதிலும் வாங்கி வந்தால், நான் சுடும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் 41,000 கி.மீ. பயணம். பூமியின் சுற்றளவே 40,075 கி.மீ.தான். இழையில் ஒளி போகும் வேகத்திலேயே 200 மில்லிவினாடிக்கு மேல். அம்மையப்பரை ஒரு சுற்றுச் சுற்றிப் பழத்தை வாங்கிக்கொண்ட பிள்ளையாராக இருக்க வேண்டியவனை, மயில்கூடக் கொடுக்காமல் முருகனாக்கி அனுப்பும் ஏற்பாடு இது. இதைத்தான் பிங் குறைப்பு என்று விற்கிறார்கள்.

நியாயமாகப் பேசுங்கள் என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். ஆட்டக்காரர்கள் நேருக்கு நேர் இணையும் ஆட்டங்களில் எதிரிக்கு உங்கள் வீட்டு ஐபி தெரிந்து, தோற்ற கோபத்தில் அவன் உங்கள் இணைப்பைப் போலித் தரவு வெள்ளத்தில் மூழ்கடிக்கக்கூடும்; அங்கே மறைவு தேவைதான். கைப்பேசி நிறுவனங்களும் பலரை ஒரே முகவரியில்தான் அடைக்கின்றன. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி என்பதால் வேறு வழியில்லை. ஆனால் அது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் முகவரி என்பது பார்த்தவுடனே தெரியும். என் ப்ராக்ஸியின் முகவரி தரவு மையத்துக்குச் சொந்தமானது. தரவு மையத்தில் உட்கார்ந்து எந்த மனிதன் வெள்ளிக்கிழமை இரவு ஆட்டம் ஆடுவான்? நியாயம் முடிந்தது.

"அப்ப வீட்டு முகவரி தர்ற ப்ராக்ஸியா வாங்கலாம் மாமா, அது கண்டுபிடிக்க முடியாது" என்றான் மருமகன், என் முகம் இருந்த நிலையைக் கவனிக்காமல். அந்த வீட்டு முகவரிகள் சில எங்கிருந்து வருகின்றன என்பதை அவனுக்கு உரக்கவே சொன்னேன். 911 எஸ்5 என்று ஒரு சேவை இருந்தது. இருப்பிடத்தை மறைத்துக்காட்டும் இலவச விபிஎன் செயலிகளுக்குள் ஒளிந்து மக்களின் கணினிகளில் புகுந்து, ஏறத்தாழ 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகளை, உரியவர்களுக்கே தெரியாமல், மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டது. அதை நடத்தியதாக அமெரிக்கா குற்றம் சாட்டிய ஆள் 2024 மே மாதம் கைதானது எங்கே தெரியுமா? இதே சிங்கப்பூரில். "நம்ம ஊர்லயா?" என்று ஏதோ பெருமைப்படத்தக்க செய்தியைக் கேட்டதுபோலக் கண்ணை விரித்தான்.

அன்று பிற்பகல் முழுவதும் பயத்தில் கழிந்தது. ப்ராக்ஸி தானாக எதையும் மறையாக்கம் செய்வதில்லை. அது வெறும் தரகர். வங்கிப் பக்கமும் அஞ்சல் பக்கமும் தம் பூட்டைத் தாமே போட்டுக்கொள்வதால் தரகரால் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது, எந்தத் தளத்தின் பெயரிலும் போலிப் பூட்டுப் போட வழிவிடும் அவருடைய வேர்ச் சான்றிதழை நம் கணினியில் நிறுவ நாமே இசைந்திருந்தாலொழிய. மூன்று வாரங்களுக்கு முன் வந்த பெட்டிகளில் எவற்றுக்கெல்லாம் படிக்காமல் 'சரி' அழுத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. சான்றிதழ்ப் பட்டியலை ஒரு மணி நேரம் வரிவரியாகத் துருவி, அப்படி எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகும் நிம்மதி வராமல் பதினான்கு கடவுச்சொற்களை மாற்றினேன். அவற்றில் மூன்றை இதற்குள் மறந்துவிட்டேன்.

ஆட்ட நிறுவனத்துக்கு விளக்கம் எழுதினேன். "நான் திருடன் இல்லை, ப்ராக்ஸி வைத்திருந்தேன்" என்ற வாக்கியத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே ஒலிக்கும் என்பதை எழுதும்போதுதான் உணர்ந்தேன். ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையின் பயனர் ஒப்பந்தத்தில், இருப்பிடத்தை மறைக்க ஐபி ப்ராக்ஸியைப் பயன்படுத்தக்கூடாது என்று வெளிப்படையாகவே ஒரு விதி இருக்கிறது. இந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் அப்படி ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை.

நான் மேசையில் தலை கவிழ்ந்து கிடந்தபோதுதான் என் மனைவி, துணி மடித்துக்கொண்டே, "இணையம் மெதுவா இருக்குன்னா பாம் ஷெல்டர் கதவைத் திறந்து வைங்க. ரூட்டரை உள்ள தள்ளி வச்சு ஒரு மாசம் ஆச்சு, மகள் பிறந்தநாளுக்கு வீடு பார்க்க நல்லா இருக்கணும்னு. உங்ககிட்ட அப்பவே சொன்னேனே" என்றார்.

அருகில் குண்டு விழுந்தாலும் தாங்குவதற்கென்றே வீட்டுக்குள் கட்டிய அறை; கான்கிரீட் சுவர், எஃகுக் கதவு. அதற்குள் இருந்து வைஃபை எனக்காக ஒரு மாதம் போராடியிருக்கிறது. அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நான் ஃபிராங்பர்ட்டுக்குப் போய் வந்திருக்கிறேன்.

12 வெள்ளிக்கு ஒரு நீளமான லேன் கம்பி வாங்கிவந்து, சுவரோரமாக இழுத்து நேரடியாகச் செருகினேன். ஞாயிறு பிற்பகல் கணக்கும் திரும்பக் கிடைத்தது, எச்சரிக்கைக் குறிப்போடு. மருமகன் பின்னால் நிற்க, ஒரு மாதத்துக்குப் பிறகு முறையான ஆட்டம். பிங் 4. அசையாமல், ஆடாமல், நாற்பது நிமிடமும் 4. நான் இருவரைச் சுட்டேன், பதினேழு முறை செத்தேன்.

வெகுநேரம் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகுந்த கனிவோடு, "மாமா, ஒருவேளை மவுஸா இருக்குமோ?" என்றான்.