கோழி எருவும் எரிகிற வைக்கோலும்

கோழிப் பண்ணை நாறுகிறது என்று பிரதேச சபைக்குப் பெட்டிசம் அடிப்பது எங்கள் மட்டக்களப்புப் பக்கம் வழமை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார். பண்ணைக்காரர் சுண்ணாம்பைத் தூவி அனுப்பிவிடுவார். ஈர எருவில் சுண்ணாம்பு போட்டால் அமோனியா இன்னும் கிளம்பும் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

கோழி தனியாக மூத்திரம் பெய்வதில்லை. எச்சத்தோடு வெள்ளையாக வருவது யூரிக் அமிலம், நைதரசனில் பெரும்பகுதி அதில்தான். ஈரம் பட்டால் அது அமோனியாவாக மாறிக் காற்றில் போய்விடும். கண்ணை எரிக்கிற அந்த வாடை, காசு கொடுத்து வாங்கும் யூரியாவில் இருக்கிற அதே நைதரசன்தான். ஆகவே நாறுகிற பண்ணையில் முதலில் பார்க்க வேண்டியது ஒழுகுகிற தண்ணீர்ப் பாத்திரத்தையும் சாரல் அடிக்கிற பக்கத்தையும்.

எரு விலைப்படுகிறதே என்பீர்கள். படுகிறது, பச்சையாக. களுதாவளைப் பக்கத்து மணல் தோட்டத்தில் அதை அப்படியே போட்டால் நாற்று கருகும், இலையான் மொய்க்கும். மணல் எதையும் பிடித்து வைக்காது. மாரி மழை நைத்திரேற்றைக் கழுவிக் கிணற்றுக்குக் கொண்டுபோகும். அந்தக் கிணற்றில்தான் குடிக்கவும் அள்ளுகிறோம்.

இந்தப் பக்கம் இப்படியென்றால் அம்பாறைப் பக்கத்துச் சம்மாந்துறை வயல்வட்டைகளில் வேறு கூத்து. அறுவடை மெஷின் வெட்டிப்போட்ட வைக்கோலுக்கு அப்படியே நெருப்பு வைக்கிறார்கள். எருவில் நைதரசன் கூடுதல், காபன் போதாது; வைக்கோலில் நேர்மாறு. இரண்டையும் சேர்த்தால் நன்றாக உக்கிக் கூட்டெருவாகும். எருவைவிட வைக்கோல் எடையில் கொஞ்சம் கூடுதலாக, மாறி மாறி அடுக்கி இடுப்பளவுக்குக் குவித்தால் போதும். ஈரம் எவ்வளவு என்றால், ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. இரண்டு மூன்று நாளில் நடுவில் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்துப் பாருங்கள், கையில் பிடிக்க முடியாது. உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் சில நாள் நின்றால்தான் சல்மொனெல்லா போன்ற கிருமிகள் சாகும். வெளிப்பக்கம் உள்ளே போகும்படி வாரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனை வரும். கோழிக்கூட்டில் விரித்திருந்து எருவோடு வந்த உமி மட்டும் உக்காமல் கிடக்கும். கிடக்கட்டும், மணலுக்கு நல்லதுதான்.

இந்தக் கூட்டெரு யூரியாவை முழுக்க ஈடுகட்டும் என்று சொல்ல வரவில்லை. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தி நெல்லுக்கு என்ன ஆனது என்று பார்த்தவர்கள் நாங்கள். பாதிப் பையாவது மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் என் கணக்கு. எருவிலிருந்து உயிர்வாயு (பயோகேஸ்) எடுக்கலாமே என்பீர்கள். கூண்டில் வளர்க்கும் முட்டைக்கோழி எச்சத்துக்குச் சரிவரும். உமி கலந்த எருவைப் போட்டால் தொட்டி அடைக்கும்.

செத்த கோழியும் இறைச்சிக்கடைக் குடலும் தனிக்கதை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர்களில் மாரியில் நாலடி தோண்டினாலே தண்ணீர். அங்கே புதைப்பதும் கிணற்றில் போடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உரப்பையில் கட்டிப் பாலத்தடியில் எறிகிறவர்களைப் பற்றி நான் என்ன எழுத!

பண்ணைக்கு அனுமதி கொடுக்கும்போதே, எரு குவிக்கச் சீமெந்துத் தரையும் மேலே ஒரு தகரக் கூரையும் இருக்கிறதா என்று சபை கேட்க வேண்டும். கோழிக்கூடு கட்டப் போடுகிற செலவில் அது ஒரு துண்டுதான். உண்மையான இடைஞ்சல் வைக்கோலை ஏற்றி இறக்கும் கூலி. அம்பாறைப் பக்கம் வைக்கோல் கட்டுகிற மெஷின் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால், ஒரு கட்டு என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.